பார் கணக்கை விடுங்கள், பால் குழாயைப் பாருங்கள்: வீட்டு எஸ்பிரெசோ மெஷினோடு எட்டு மாதம்

எஸ்பிரெசோ காபி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்யாண ரிசெப்ஷன். மண்டப வாசலில் பெரிய ஸ்டீல் மெஷின், பக்கத்தில் பால் கேன், ஒருவர் மக்கைக் குழாய்க்கு அடியில் பிடித்து உஸ்ஸென்று ஆவி விடுவார், பொங்கி வரும் நுரையோடு கப்பில் ஊற்றி மேலே சாக்லேட் பொடி தூவித் தருவார். அதில் இருந்தது இன்ஸ்டன்ட் பொடி என்பதும், இத்தாலியில் அந்தச் சொல் நைசாக அரைத்த பொடி வழியாக வெந்நீரை அழுத்தித் தள்ளி இறக்குகிற கெட்டிக் காபியைக் குறிக்கும் என்பதும் ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அந்த நுரைக்காகவே இரண்டாம் தடவை போய் வரிசையில் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் கறுப்புக் காபி குடிப்பதில்லை, போடுவதெல்லாம் கப்புச்சினோ, லாட்டே வகைதான். அதனால் இந்த விமர்சனத்தைப் பால் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பால் காபிக்காரர்களுக்கு அதுதான் பயன்படும்.

மெஷின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கிட்டத்தட்ட இதே அமைப்பில் பல கம்பெனிகள் விற்கிறார்கள், வெளித்தோற்றம் மாறும், உள்ளே பெரிதாக மாறாது. நான் வாங்கியது பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு. 51 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (காபிப் பொடியைப் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி), 1350 வாட், தண்ணீரைச் சூடாக்கத் தெர்மோபிளாக், பக்கவாட்டில் ஒரு ஸ்டீம் குழாய், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 15 பார் என்று போட்டிருந்தது, பார் என்பது அழுத்தத்தின் அளவு. பக்கத்து அலமாரியில் 20 பார் என்று எழுதிய மெஷினும் இருந்தது, விற்பனையாளர் அதுதான் நல்லது என்றார். எனக்கும் அப்போது விவரம் தெரியாது, எண் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன், பணம் போதாததால் வாங்கவில்லை.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வாங்குகிற எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறோம். எஸ்பிரெசோ இறங்க வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார். மிலானில் அக்கிலே காஜியா 1940களின் இறுதியில் நெம்புகோல் மெஷினைக் கொண்டுவந்தபோதுதான் காபி மேல் அந்தப் பொன்னிற ஏடு, கிரெமா, வந்தது. 1961ல் ஃபேமா கம்பெனியின் இ61 மெஷினில் மோட்டார் பம்ப் அந்த வேலையை எடுத்துக்கொண்டு 9 பாரில் நிலையாகத் தள்ளியது. இன்றைக்கும் நல்ல காபிக் கடைகளில் அந்த அளவை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் 15, 20 எல்லாம் அந்தச் சின்ன பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியும் என்கிற கணக்கு, காபியின் ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடைக்குப் போனால் அந்த எண்ணைப் பார்க்காமல் குனிந்து ஸ்டீம் குழாயின் நுனியைப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு தடித்த உறை இருக்கிறதா, அது கழற்ற வருகிறதா, குழாய் வெளிப்பக்கமாக எவ்வளவு திரும்புகிறது, அடியில் ஒரு சின்ன ஜக் நுழைய இடம் இருக்கிறதா. பால் காபிக்காக வாங்குபவர் பார்க்க வேண்டியது இதுதான். விற்பனையாளர் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

முதல் வாரம் காபி சரியாக வரவே இல்லை. வீட்டில் இருந்த மிக்ஸியில் கொட்டையை அரைத்தேன். மிக்ஸி பாதியை மாவாக்குகிறது, பாதியை நொய்யாக விடுகிறது. தண்ணீர் நொய் இருக்கும் பக்கமாகவே வழி கண்டுபிடித்து ஓடிவிடும், பத்து விநாடியில் கப் நிரம்பி, வெளிறிய புளிப்புத் தண்ணீர் வந்து நிற்கும். ஃபில்டருக்கு வாங்கி வைத்திருந்த சிக்கரி கலந்த பொடியையும் போட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, காபி சொட்டுச் சொட்டாக வந்து நின்றே போனது. டிகாக்‌ஷனுக்கு மணக்க மணக்க வேலை செய்கிற பொடி இங்கே ஒத்துவரவில்லை. சிக்கரி இல்லாத கொட்டையாக வாங்க வேண்டும், வறுத்த தேதி பையில் இருக்க வேண்டும். வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரத்துக்குள் எனக்கு நன்றாக வருகிறது.

பாலுக்கு என்ன கொட்டை என்று கேட்டால், கறுப்பை நோக்கிப் போகும் நடுத்தர வறுப்பு. இப்போது லேசாக வறுத்து, பழ வாசனை என்று போட்டு நிறைய விற்கிறார்கள். அது தனியாகக் குடிக்க அருமை, ஆனால் பாலில் விழுந்ததும் திரியப்போகிற பால் போல ஒரு புளிப்பு தட்டும். சிக்மகளூர் அராபிகாவோடு கொஞ்சம் நல்ல ரோபஸ்டா கலந்தது, அல்லது பருவமழைக் காற்றில் ஊறவிட்டுப் பதப்படுத்தும் மான்சூன்டு மலபார் சேர்ந்தது, இரண்டும் பாலைத் தாண்டிக் காபி பேசும். இத்தாலியில் எஸ்பிரெசோ கலவைகளில் மான்சூன்டு மலபாரைப் பல காலமாகச் சேர்க்கிறார்கள், நமக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஆகிற சரக்கு அது.

பிறகு கையால் சுற்றும் காபி கிரைண்டர் ஒன்று ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். மெஷின் விலையில் பாதிக்கு மேல், வீட்டில் பேச்சு வாங்கினேன், ஆனால் அது இல்லாமல் மீதி எதுவும் நடக்காது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கூடவே ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சின்னத் தராசு, பொடியை அமுக்க மெஷினோடு வந்த பிளாஸ்டிக் கரண்டி டேம்பருக்குப் பதிலாக 51 அளவில் உலோக டேம்பர். 15 கிராம் பொடி உள்ளே, 30 கிராம் காபி வெளியே, 25லிருந்து 30 விநாடி. வேகமாக ஓடினால் இன்னும் நைசாக அரை, திணறினால் கொஞ்சம் கொரகொரப்பாக அரை. ஒரு பக்கம் சாயாமல் மட்டமாக அமுக்கினால் போதும், பலமெல்லாம் வேண்டாம்.

மெஷினோடு வந்த பாஸ்கெட்டை, அதாவது போர்ட்டாஃபில்டருக்குள் பொடியைப் போடும் ஓட்டைக் கிண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் அடிப்பகுதி இரட்டை, உள்ளே நிறைய ஓட்டை, வெளியே ஒரே ஒரு ஊசித் துளை. பொடி எப்படி இருந்தாலும் அந்தத் துளை அழுத்தத்தைப் பிடித்து வைத்து மேலே நுரையை எழுப்பிக் காட்டிவிடும். பார்வைக்குக் கிரெமா, ஊதினால் கலைகிற சோப்பு நுரை. கிரைண்டர் இல்லாதவர்களுக்கு அது உதவிதான், கடைப் பொடி போட்டாலும் ஓரளவு வரும், பாலும் ஊற்றுவதால் குறை பாதி மறைந்துவிடும். நான் மூன்றாம் மாதம் ஒற்றை அடி பாஸ்கெட் தனியாக வாங்கி மாற்றிக்கொண்டேன். வித்தியாசம் லாட்டேயில் லேசாகத்தான் தெரிந்தது, கப்புச்சினோவில் நன்றாகவே தெரிந்தது. ஆரம்பத்திலேயே அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை.

இனி பால். முதல் மாதம் முழுக்க எனக்கு வந்தது குமிழ் நுரை. துணி ஊறவைத்த வாளியில் நிற்குமே, அந்த மாதிரி பெரிய பெரிய குமிழ், அதற்குக் கீழே நீர்த்த சுடுபால். கப்பில் ஊற்றினால் பால் மட்டும் முதலில் ஓடிவிடும், நுரை ஜக்கிலேயே நிற்கும், கரண்டியால் தள்ளி மேலே வைக்க வேண்டும். பிழை என் கையில்தான் என்று ஒரு மாதம் பழகிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் ஸ்டீம் குழாயைக் கழுவும்போது அந்தத் தடித்த வெளி உறை கையோடு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் மேலே ஒரு சின்னத் துளை. ஆவி போகிற வேகத்தில் அந்தத் துளை வழியாகக் காற்றைத் தானே உறிஞ்சிப் பாலுக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதாவது நுரை வேண்டும், போதும் என்று நான் முடிவு செய்ய வழியே இல்லை, பால் சூடாகும் வரை அது காற்றை ஊட்டிக்கொண்டே இருக்கும். உறையைக் கழற்றியதும் உள்ளே மெல்லிய குழாய், நுனியில் ஒற்றைத் துளை. அன்றைக்கு உறை இல்லாமல் போட்ட முதல் ஜக் பால் கொஞ்சம் அதிகச் சூடாகிவிட்டது, ஆனால் ஒரு குமிழ் கூட இல்லாமல் பளபளவென்று, உருகின ஐஸ்கிரீம் மாதிரி சுற்றியது. அந்த உறையை அதற்குப் பிறகு மாட்டவே இல்லை.

எப்படி விடுவது என்று கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன், இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் பத்து லிட்டர் பால் மிஞ்சியிருக்கும். ஒரு கப்புக்கு 350 மில்லி ஜக் போதும். பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பால் 120 மில்லி, ஜக்கும் முடிந்தால் பிரிட்ஜில் வைத்தது. பால் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, சூடாவதற்குள் நமக்கு அவ்வளவு நேரம் கிடைக்கும். ஸ்டீம் விளக்கு எரிந்ததும் முதலில் ஒரு ஈரத்துணிக்குள் குழாயைத் திறந்து, உள்ளே தங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். தெர்மோபிளாக் மெஷின்கள் முதலில் கொஞ்சம் தண்ணீர் துப்பும், அதைப் பாலில் விட்டால் பால் நீர்த்துவிடும். பிறகு நுனியைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே, நடுவிலும் இல்லாமல் ஓரத்திலும் இல்லாமல் இரண்டுக்கும் இடையில் வைத்துத் திறக்க வேண்டும்.

அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். சரியான இடத்தில் இருந்தால் காகிதத்தை மெதுவாகக் கிழிப்பது போல 'ச்ச்... ச்ச்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வரும். கடபுடவென்று கொதிக்கிற சத்தம் வந்தால் நுனி வெளியே வந்துவிட்டது, பெரிய குமிழ் விழுகிறது. வீல் என்று கத்தினால் ரொம்ப ஆழத்தில் இருக்கிறது, காற்றே போகவில்லை. கப்புச்சினோவுக்கு அந்தக் கிழியும் சத்தம் என் மெஷினில் எட்டுப் பத்து விநாடி, லாட்டேக்கு நாலைந்து விநாடி. ஜக்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகத் தெரியும்போது, அதாவது கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில், காற்று விடுவதை நிறுத்தி நுனியை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கிவிட வேண்டும். அப்புறம் சத்தம் அடங்கிவிடும், பால் ஒரு சுழியாகச் சுற்ற ஆரம்பிக்கும். மேலே மிதக்கும் குமிழ்களை எல்லாம் அந்தச் சுழி உள்ளே இழுத்து உடைத்து மாவாக்குகிறது. சுழி வரவில்லை என்றால் ஜக்கைச் சற்றே சாய்த்துப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் பிடித்துக்கொள்ளும். ஜக்கில் உள்ளங்கையை வைக்க முடியாமல் போகிற நேரம் சுமார் 60 டிகிரி, அப்போது மூடிவிடலாம். முதல் ஒரு மாதம் ஒரு வெப்பமானி வைத்துப் பழகினேன், பிறகு கையே சொல்லிவிடுகிறது. மூடியதும் ஜக்கை மேடையில் இரண்டு தட்டு, பிறகு விடாமல் சுழற்றிக்கொண்டே இருந்து உடனே ஊற்ற வேண்டும். அரை நிமிடம் விட்டாலும் நுரை தனி, பால் தனியாகப் பிரிந்துவிடும்.

பால் வீணாகிறதே என்று மனசு கேட்காவிட்டால் ஜக்கில் குளிர்ந்த தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டும் விட்டுப் பழகலாம். சுழி, சத்தம், நுரை எல்லாம் கிட்டத்தட்டப் பால் மாதிரியே நடக்கும். ஒரு சொட்டுதான், இரண்டு விட்டால் பொங்கி மேடையெல்லாம் ஆகிவிடும். முடிந்ததும் ஜக்கையும் குழாயையும் நன்றாக அலச வேண்டும்.

எந்தப் பால் என்பதில் நான் நிறைய நேரம் செலவழித்தேன், அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆவின் பாக்கெட்டில் நீலம் கொழுப்பு 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. ஒரே வாரத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நீலம் சுலபமாக எழும்பும், நுரை நிறைய, ஆனால் வாயில் கொஞ்சம் காற்றாகத் தெரியும். ஆரஞ்சு பட்டு மாதிரி இருக்கும், ஆனால் நுரை ஏறுவது நிதானம், அந்தக் கொழுப்பில் காபி கொஞ்சம் அமுங்கியும் போகிறது. பச்சைதான் எனக்குச் சரியாக நின்றது, பழகுபவர்களுக்கும் அதையே சொல்வேன். நுரையைத் தாங்கிப் பிடிப்பது பாலின் புரதம், கொழுப்பு தருவது அந்த வழுவழுப்பு, இரண்டும் அளவாக இருக்க வேண்டும். டெட்ரா பாக்கெட் பால் நன்றாகவே நுரைக்கும், ஒரு வேகவைத்த வாசனை மட்டும் உண்டு.

நிறத்தைவிட முக்கியம் பாக்கெட் எப்படி இருந்தது என்பது. காலை ஐந்து மணிக்குக் கேட்டில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போவார்கள், நாங்கள் ஏழு மணிக்கு எடுப்போம். மே மாதத்தில் அந்த இரண்டு மணி நேரம் போதும், அன்றைக்குப் பால் நுரைக்கவே நுரைக்காது, எழும்பிய நுரையும் சர்ரென்று கேட்கக் கேட்கப் பொரிந்து அடங்கிவிடும். இரண்டு வாரம் மெஷினைச் சந்தேகப்பட்டேன். பிறகு அலாரம் வைத்து ஐந்தேகாலுக்கே எடுத்து பிரிட்ஜில் வைத்தேன், சரியாகிவிட்டது.

அம்மாவுக்கு இதில் வேறு வருத்தம். பாக்கெட்டை வெட்டி நேராக ஜக்கில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, "காய்ச்சாம பச்சப் பாலையாடா ஊத்துற?" என்று கேட்டார். நம் வீடுகளில் பால் வந்தால் முதல் வேலை காய்ச்சுவது, பொங்கி அடங்கினால்தான் அது பால். அவருக்காக இரண்டு நாள் காய்ச்சி ஆறவைத்து பிரிட்ஜில் வைத்த பாலில் போட்டேன். ஆடை எவ்வளவு வடிகட்டினாலும் இழை இழையாக நுரையில் வந்து நிற்கிறது, சுழி விட்டும் வழவழப்பு வரவில்லை. பாக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய், இது ஏற்கனவே 72 டிகிரியில் 15 விநாடி வைத்துப் பாஸ்டரைஸ் செய்தது என்று சொன்னேன், குளிர்ச்சி விடாமல் பிரிட்ஜில் வைத்திருந்து அன்றைக்கே முடித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். சரி என்றார். ஆனால் மாட்டுக்காரரிடம் கறந்த பால் வாங்குகிறவர்கள் அம்மா சொல்வதையே கேட்க வேண்டும், கண்டிப்பாகக் காய்ச்சாமல் போடக்கூடாது. ஸ்டீம் விடுவதை 60 டிகிரியோடு நிறுத்திவிடுகிறோம், அது காய்ச்சுவதற்கு ஈடு ஆகாது.

அப்பாவின் குறை சூடு. முதல் கப்புச்சினோவை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஏன் ஆறிப்போயிருக்கு?" என்றார். ஆவி பறக்கிற ஃபில்டர் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துப் பழகிய நாக்குக்கு 60 டிகிரி ஆறின காபிதான். அவரிடம் 60 டிகிரியில்தான் பாலின் இனிப்பு தெரியும், 70 தாண்டினால் புரதம் கெட்டு வெந்த வாடை அடிக்கும், நுரை முரட்டுத்தனமாகிவிடும் என்று விளக்கிப் பயனில்லை, அவர் குடிக்கிற காபி அவருக்குப் பிடிக்க வேண்டும். கப்பில் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் போடுகிறேன், அவர் கப்புக்கு மட்டும் 68 வரை விடுகிறேன். பீங்கான் கப் சில்லென்று இருந்தால் ஊற்றியதும் அந்தப் பால் சட்டென்று சூடு இறங்கிவிடும், வெந்நீர் காட்டிய கப்பில் கடைசி வாய் வரை சூடு நிற்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறவர் இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொண்டார், அதை நான் சொல்லவில்லை.

எது என்ன பானம் என்பதற்கு ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதே 30 கிராம் காபிதான், பாலின் அளவும் நுரையின் தடிமனும் மாறுகிறது. 150லிருந்து 180 மில்லி கப்பில் ஒரு சென்டிமீட்டர் நுரை நின்றால் கப்புச்சினோ, பெரிய கப்பில் மெல்லிய நுரையோடு நிறைய பால் என்றால் லாட்டே, காபிக்குச் சமமாகப் பால் மட்டும் ஊற்றினால் ஸ்பெயினில் குடிக்கிற கோர்த்தாடோ. ஃபில்டர் காபி நாக்குள்ளவர்களுக்கு இந்தக் கடைசி வகைதான் முதலில் பிடிக்கும் என்று நினைக்கிறேன், அந்தத் திக்கான காபித்தனம் அதில்தான் இருக்கிறது. லாட்டேயைக் குடித்துவிட்டு எஸ்பிரெசோ மெஷினே வேஸ்ட் என்று சொல்லிவிடாதீர்கள். இதயம், இலை வரைவதெல்லாம் பால் சரியாக வந்தால் தானாக வரும். எனக்கு நாலாம் மாதம் முதல் இதயம் வந்தது, ஒரு பக்கம் பெருத்து இருந்தது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மெஷினின் நிஜமான குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். காபிக்கும் ஆவிக்கும் ஒரே தெர்மோபிளாக். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. காபியை முதலில் இறக்கிவிட்டு ஸ்டீம் பொத்தானை அமுக்கினால் சூடேற அரை நிமிடம், பால் முக்கால் நிமிடம், அதுவரை காபி காத்திருக்கும். பால் காபிக்கு அது பாதகமில்லை. மாற்றிச் செய்தால்தான் சிக்கல், ஸ்டீம் முடிந்த கையோடு காபி இறக்கினால் தண்ணீர் கொதிகொதிவென்று வந்து பொடியைக் கருக்கிவிடும், குடித்தால் தொண்டையில் கசப்பு நிற்கும். இரண்டாவது கப்புக்கு முன்னால் குழாயைத் திறந்து வெந்நீரை வடியவிட்டு, விளக்கு நிலைக்கு வரும் வரை பொறுக்க வேண்டும். ஒரு கப்புக்கு எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் ஆகிறது, கழுவுவதையும் சேர்த்து. இரண்டு பேருக்குச் சரி.

கழுவுவதில் சோம்பல் கூடாது, அதிலும் ஸ்டீம் குழாயில். பால் முடிந்த அதே நொடியில் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு விநாடி ஆவியைத் திறந்து விட வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் பால் காய்ந்து செதிலாக ஒட்டிவிடும், உள்ளே உறிஞ்சிய பால் துளையை அடைக்கும். ஒரு தடவை அவசரமாக ஆபீஸ் கிளம்பி அப்படியே விட்டுவிட்டேன், சாயங்காலம் துளையைத் திறக்க ஊசி வைத்துக் குத்த வேண்டியிருந்தது. வாடையும் இரண்டு நாள் போகவில்லை.

தண்ணீர் விஷயமும் நம் ஊருக்கு முக்கியம். எங்கள் பகுதியில் போர் தண்ணீர், வாளி அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பு. அதை டேங்கில் ஊற்றினால் தெர்மோபிளாக்கின் மெல்லிய குழாய்க்குள்ளும் அதே படியும், முதலில் அடிவாங்குவது ஆவியின் வேகம்தான். கேன் தண்ணீர் ஊற்றுகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டு, பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறேன். மின்சாரத்துக்கும் ஒரு குறிப்பு: 1350 வாட் என்றால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். சின்ன சாக்கெட்டில், அதுவும் மிக்ஸியோடு ஒரே எக்ஸ்டென்ஷனில், மாட்ட வேண்டாம். 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கும் இடத்தில்தான் மெஷினுக்கு இடம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது, பாலுக்கும் வசதியாகப் போயிற்று.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: மெஷின், கிரைண்டர், பாஸ்கெட், ஜக், தராசு, டேம்பர் எல்லாம் சேர்ந்து எனக்கு இருபத்தொன்றாயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு கப்புக்குக் கொட்டை 15 கிராம், நான் வாங்குவது கால் கிலோ ஐந்நூறு ரூபாய், அப்படியானால் முப்பது ரூபாய், பால் பத்து ரூபாய்க்குள். கடையில் கப்புச்சினோ இருநூறைத் தாண்டிவிட்டது. தினம் கடையில் குடிப்பவருக்கு ஐந்தாறு மாதத்தில் பணம் திரும்பும். மாதம் இரண்டு தடவை குடிப்பவருக்குத் திரும்பாது, அவர்கள் இதன்மேல் ஆசை இருந்தால் மட்டும் வாங்கலாம். பணம் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் மெஷினை ஒரு படி குறைத்து வாங்கி, கிரைண்டரில் குறைக்காதீர்கள்.

போன மாதம் மாமா குடும்பம் வந்திருந்தார்கள், ஏழு பேர். ஆளுக்கு ஏழு நிமிடம் என்று எல்லோரையும் உட்காரவைக்க முடியாது, அம்மா ராத்திரியே பெரிய ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டார். காலையில் அவர் பால் காய்ச்சப் போனபோது, பாலை மட்டும் நான் போடுகிறேன் என்றேன். 600 மில்லி ஜக்கில் பச்சை பாக்கெட் பால், உறை இல்லாத குழாய், 70 வரை. கடையில் ஆற்றி ஆற்றி எழுப்புகிற நுரை டம்ளர் மேல் கொஞ்ச நேரம் நின்று போய்விடும், இது டிகாக்‌ஷனோடு சேர்ந்து அடி வரைக்கும் தடிமனாக, பழுப்பாக இறங்கியது. மூன்று ஜக்கில் ஏழு டம்ளரும் முடிந்தது. மாமா டம்ளரைக் கீழே வைக்காமலேயே அடுக்களை வாசலுக்கு வந்து, இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என் பக்கம் கையைக் காட்டினார். இப்போது வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் காபி இறக்குவது பித்தளை ஃபில்டர், மெஷின் பால் மட்டும் போடுகிறது.